பொருத்தம் வாங்கப் போனவர்

என் மாமியார் ரஹ்மத் தென்காசியில் எங்கள் நெசவுத் தெருவுக்கு இரண்டு வேலை பார்த்தார். பெண்கள் யாராவது இறந்துபோனால் குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றுவது ஒன்று. சாகக் கிடக்கிறவர்களுக்காக அடுத்தவர் வீடுகளுக்குப் போய்ப் பொருத்தம் வாங்கி வருவது மற்றொன்று. முதல் வேலைக்கு ஒரு சேலையோ நாலு படி நெல்லோ வரும். இரண்டாவது வேலைக்கு யார் எதைக் கொடுத்தாலும் வாங்க மாட்டார். அதில் மட்டும் அவருக்கு ஒரு வீம்பு இருந்தது. நான் அவருடைய ஒரே மருமகள் பீரம்மாள். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள் என்பதால், தெருவுக்கு வரும் கடுதாசிகளைப் படித்துக் காட்டுவதும் பதில் எழுதிக் கொடுப்பதும் என் தலையில் விழுந்தது. அந்தத் துணிச்சலில்தான் இதையும் எழுதுகிறேன்.

பொருத்தம் என்றதும் கல்யாணத்துக்கு ஜாதகம் பார்ப்பதுதான் வெளியாருக்கு ஞாபகம் வரும். எங்கள் ஆட்களிடம் அந்தச் சொல்லுக்கு வேறு வேலை. ஒருவர் தனக்குச் செய்த கெடுதலை, பட்டவர் தன் வாயால் விட்டுக்கொடுப்பதுதான் பொருத்தம். "நான் பொருந்திக்கிட்டேன்" என்று சொல்ல வேண்டும். மன்னிப்பு என்பது அந்தக் காலத்தில் கச்சேரியில் வக்கீல் பேசுகிற சொல். எங்கள் வீடுகளில் அதற்குப் புழக்கம் இல்லை. ஆண்டவனுக்குச் செய்த பிழையை ஆண்டவன் பார்த்துக்கொள்வான், மனுஷருக்குச் செய்ததை அந்த மனுஷர்தான் விட வேண்டும், அதில் அவன் தலையிடுவதில்லை என்று பள்ளிவாசல் லெப்பை சொல்வார். அதனால் படுக்கையில் விழுந்த எவருக்கும் முதலில் வரும் பயம் இதுதான். யாரை அடித்தோம், யாரைப் பற்றிக் கோள் சொன்னோம், யார் வீட்டுக் கல்யாணத்தைக் கலைத்தோம் என்று மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு யோசிப்பார்கள். பிறகு என் மாமியாரைக் கூப்பிட்டு அனுப்புவார்கள்.

அவர் அந்த வேலையைச் செய்யும் விதமே தனி. நேரே போய் வாசலில் நின்று கேட்க மாட்டார். அந்த வீட்டுக்காரி கை வேலையாக இருக்கிற நேரம் பார்த்துப் போவார். தறிக்கு நூல் தார் சுற்றிக்கொண்டிருந்தாலோ, முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாலோ நல்லது. கை ஓடிக்கொண்டிருந்தால் வாய் திறக்கும் என்பது அவர் கணக்கு. பக்கத்தில் உட்கார்ந்து தானும் இரண்டு கொத்துக் கீரையை உருவுவார். பிறகு, "இன்னாரு படுத்திருக்கா. உன்னையே நெனச்சுக்கிட்டுக் கெடக்கா," என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருப்பார்.

பெரும்பாலும் அதற்கு மேல் திட்டுதான் வரும். பத்து வருஷத்துக் கோபம் ஒரு மணி நேரம் கொட்டும். மாமி எழுந்திருக்க மாட்டார். "முழுசாத் திட்டி முடிக்கணும்ட்டி. அதுக்கு முந்தி சொல்லுதது வெறும் வாய்ப்பேச்சு. அத நான் வாங்க மாட்டேன்," என்பார் என்னிடம். திட்டு ஓய்ந்து அழுகை வந்து, அதுவும் ஓய்ந்து, அந்தப் பெண் மூக்கைச் சிந்திக்கொண்டு, "சரி, பொருந்திக்கிட்டேன்னு சொல்லுங்க" என்ற பிறகுதான் சேலையை உதறிக்கொண்டு எழுவார். படுத்திருப்பவளிடம் போய் அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்வார். திட்டு அவரோடு தங்கிவிடும். தெருவில் பாதிப் பேர் மீதிப் பேரைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். ஒரு சொல் வெளியே விட்டதில்லை.

நான் 1934இல் அவர் மகன் முகம்மது மீரானைக் கட்டிக்கொண்டு வந்தபோது எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. கையில் எப்போதும் கற்பூர வாடை அடிப்பது போலிருக்கும். அந்தக் கையால் பிசைந்து கொடுத்த சோற்றை நான் முதல் மாதம் முழுக்கக் கஷ்டப்பட்டுத்தான் விழுங்கினேன். அவர் அதைக் கண்டுபிடித்துவிட்டார். ஒன்றும் கேட்காமல் அடுப்படியை என்னிடம் விட்டுவிட்டு விலகிக்கொண்டார். குளிப்பாட்டும் முறையைச் சொல்லித் தருகிறேன் என்று இரண்டு தடவை கூப்பிட்டார். நான் மாட்டேன் என்றேன்.

எங்கள் வீட்டுக்கு நாலாவது வீடு அலிமா அக்காவுடையது. அவள் புருஷன் ஆதம் சாரல் காலத்தில் குற்றாலத்தில் பழக்கடை போடுவான், மற்ற மாதங்களில் தறி. அவர்களுக்கு ஒரே பிள்ளை, சுபைதா. அலிமா அக்கா 1929இல் விஷக்காய்ச்சலில் பிழைப்பாளா மாட்டாளா என்று கிடந்தபோது, கொழும்பில் வாழ்க்கைப்பட்டிருந்த ஆதமின் அக்காள் மைதீன் பாத்து ஊருக்கு வந்திருந்தாள். வசதியானவள், பிள்ளை இல்லாதவள். "தாய் எந்திரிக்கிற மட்டும் நான் வச்சிக்கிடுதேன்" என்று மூன்று வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தனுஷ்கோடியில் கப்பலேறிவிட்டாள். ஆதம் சரி என்றான். அலிமா அக்காவிடம் யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் அவளுக்கு அப்போது நினைவு இல்லை.

அலிமா அக்கா எழுந்துவிட்டாள். பிள்ளை வரவில்லை. அங்கே பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கிறோம், அடுத்த வருஷம் கூட்டி வருகிறோம் என்று கடுதாசி வந்தது. அடுத்த வருஷமும் அதே கடுதாசி. ஆதம், பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறது, இங்கே வந்து என்ன தார் சுற்றவா என்பான். ஒவ்வொரு நோன்புப் பெருநாளுக்கும் அலிமா அக்கா பாவாடை சட்டை தைத்துக் கொழும்புக்கு அனுப்புவாள். பிள்ளை எவ்வளவு வளர்ந்திருக்கும் என்று தெருவில் அதே வயதுப் பெண் குழந்தைகளை நிறுத்தி வைத்து அளவெடுப்பாள். கடைசியாக வந்த இரண்டு கடுதாசிகளைப் படித்துக் காட்டியது நான்தான். சட்டை சரியாக இருக்கிறது, கை மட்டும் கொஞ்சம் நீளம் என்று ஒன்றில் எழுதியிருந்தது. அலிமா அக்கா அந்த வரியை மறுபடி படிக்கச் சொன்னாள்.

1936இல் சாரல் தொடங்கும்போது மைதீன் பாத்து நெஞ்சு நோயோடு திரும்பி வந்தாள். குற்றாலத்துக் காற்று ஒத்துக்கொள்ளும் என்று கொழும்பு டாக்டர் சொன்னாராம். அங்கே அருவிக்கரைக்குப் போகிற வழியில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து இருந்தாள். செய்தி கேட்டதும் அலிமா அக்கா பத்து வயது அளவில் தைத்து வைத்திருந்த பாவாடையை எடுத்துக்கொண்டு ஓடினாள். அங்கே பிள்ளை இல்லை. மைதீன் பாத்து இருமி இருமிச் சொன்னாள். சுபைதா 1931இல் அம்மை போட்டு இறந்துவிட்டாள். சொல்லத் தைரியம் வரவில்லை. முதல் கடுதாசியில் சொல்லாததால் அடுத்ததிலும் சொல்ல முடியவில்லை. அப்படியே ஐந்து வருஷம் ஓடிவிட்டது.

அலிமா அக்கா மூன்று மைலும் நடந்தே திரும்பி வந்தாள். அழவில்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். அன்றிலிருந்து ஆதமோடு பேச்சை நிறுத்திவிட்டாள். சோறு வைப்பாள், துணி துவைப்பாள், பேச மாட்டாள்.

மூன்று வாரம் கழித்து ஆதம் எங்கள் வீட்டுக்கு வந்து தலையில் கை வைத்து உட்கார்ந்தான். அவன் அக்காளுக்கு இழுத்துக்கொண்டிருந்தது. உயிர் போகவும் மாட்டேன் என்கிறது, கண் வாசலையே பார்க்கிறது என்றான். "அலிமாட்ட நான் போய்க் கேக்க முடியாது. நீங்கதான் போகணும்," என்றான். எனக்கே தெரிந்தது, இது கீரை உருவிக்கொண்டே வாங்கி வருகிற பொருத்தம் இல்லை என்று. ஆனாலும் மாமி போனார். போகாமல் இருக்க அவருக்குத் தெரியாது.

அலிமா அக்கா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாளாம். மாமி பக்கத்தில் உட்கார்ந்து தானும் முறத்தில் கை வைத்தார். சொல்ல வேண்டியதைச் சொன்னார். திட்டு வரும் என்று காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. அரிசி முழுவதும் பார்த்து முடிந்தது.

"அக்கா, அவ எனக்குப் பதினோரு கடுதாசி போட்டிருக்கா," என்றாள் அலிமா அக்கா. "பிள்ள போனதுக்குப் பெறவு மட்டும் பதினொண்ணு. எல்லாத்துலயும் பிள்ள சொகம்னு இருக்கு. நான் அனுப்புன உடுப்பெல்லாம் வாங்கி வச்சிருக்கா. நான் பொருந்தல. இப்படியே போய்ச் சொல்லுங்க."

மாமி சாயங்கால அஸர் தொழுகை வரைக்கும் அங்கேயே இருந்தார். மறுபடி கேட்கவில்லை, சும்மா இருந்தார். அதற்கும் பலன் இல்லை. பிறகு எழுந்து குற்றாலத்துக்கு நடந்தார். வண்டி வைத்துத் தருகிறேன் என்று என் புருஷன் சொன்னதற்கு வேண்டாம் என்றுவிட்டார். தூறலில் நனைந்துகொண்டு மூன்று மைல். பதமாக எப்படிச் சொல்லலாம் என்று வழி முழுக்க யோசித்தாராம். பிள்ளையைப் பறிகொடுத்தவள், கொஞ்ச நாளாகட்டும் என்று சொல்லலாமா? நாள் ஏது. நான் உனக்காக ஆண்டவனிடம் கேட்கிறேன் என்று சொல்லலாமா? அதற்கு அவரே சம்மதிக்க மாட்டார்.

"வாசப்படியத் தாண்டுத வரைக்கும் நெசத்தத்தான் வச்சிருந்தேன்ட்டி," என்று பின்னால் என்னிடம் சொன்னார். "உள்ள போனா அவ கண்ணு ரெண்டும் என் வாயிலயே நிக்கி. கைய லேசாத் தூக்குதா. எலும்பு தவிர ஒண்ணும் இல்ல. என் வாய் அதுவாச் சொல்லிட்டு."

அலிமா பொருந்திக்கிட்டா என்று சொல்லிவிட்டார். மைதீன் பாத்து பெரிதாக ஒரு மூச்சு விட்டாள். ஆதம் காதில் கலிமா சொன்னான். கொஞ்ச நேரத்தில் முடிந்துவிட்டது. மாமியே குளிப்பாட்டினார்.

நல்லது நடந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்த ஆதம் முற்றத்தில் நின்று, பெண்டாட்டியைப் பார்த்து ஓவென்று அழுதிருக்கிறான். "நீ பெரிய மனுஷி அலிமா. எங்கக்காளக் கரையேத்திட்ட. இந்த மனசு யாருக்கு வரும்," என்றானாம். அடுத்த வீட்டுப் பெண்களும் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு மெச்சினார்கள். அலிமா அக்காவுக்கு முதலில் விளங்கவே இல்லை. விளங்கியதும் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

நான் அப்போது அடுப்படியில் இருந்தேன். சண்டை வரப்போகிறது என்று நினைத்தேன். அவள் குரல் உயரவே இல்லை.

"என்கிட்ட மிச்சம் இருந்தது அது ஒண்ணுதான் அக்கா. பிள்ளைய அவ எடுத்தா. இத நீங்க எடுத்துட்டீங்க," என்றாள்.

மாமி எழுந்து நின்றார். "செத்துக்கிட்டிருந்தவ, அலிமா. எனக்குத் தாங்கல. என்னப் பொருந்திக்கிடு," என்றார்.

"தெருவுல சொல்லுங்க. நான் அப்படிச் சொல்லலன்னு எல்லார் முன்னயும் சொல்லுங்க. பெறவு கேளுங்க."

மாமி அன்று லெப்பையிடம் ஆள் அனுப்பி யோசனை கேட்டார். சமாதானத்துக்காகச் சொன்ன பொய்யில் குற்றம் இல்லை, வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொல் என்று லெப்பை சொல்லி அனுப்பினார். அதை மாமி அலிமா அக்காவிடம் போய்ச் சொல்ல, அவள், "லெப்பைக்கா பிள்ள செத்துது?" என்று மட்டும் கேட்டாள். மாமி எழுந்து வந்துவிட்டார். நான் அன்றிரவு படுக்கையில் என் புருஷனிடம், மாமி வாயைத் திறக்கக் கூடாது, திறந்தால் கெட்டது என்று சொன்னேன். அதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம் இல்லை. நான் பயந்ததுதான் கடைசியில் நடந்தது.

மைதீன் பாத்துவின் நாற்பதாம் நாள் பாத்திஹா ஆதம் வீட்டில் நடந்தது. தெருப் பெண்கள் அத்தனை பேரும் உள்வீட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். நெய்ச்சோறு வாசம் வந்துகொண்டிருந்தது. மாமி எழுந்து நின்று சொன்னார். "அலிமா பொருந்தல. நான் போய்க் கேட்டேன், மாட்டேன்னுதான் சொன்னா. நானாத்தான் பொய்யாச் சொன்னேன்." அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார். ஆதம் நடைவாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். "எங்கக்காள நடுவழியில விட்டுட்டியே," என்று கத்தினான். அந்த மனுஷன் பெரியவர்களை ஒருமையில் பேசி நான் அன்றுதான் கேட்டேன்.

மறுநாள் காலையில் எங்கள் வாசலில் முதலில் வந்து நின்றவள் காதரம்மாள். அவளுடைய தாய் இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது. அந்தத் தாய்க்கு, தாயின் அண்ணனிடமிருந்து பொருத்தம் வாங்கி வந்தது மாமிதான். "எங்க மாமா நெசமாச் சொன்னாரா?" என்று கேட்டாள் காதரம்மாள்.

"நெசமாச் சொன்னாரு. அழுதுகிட்டே சொன்னாரு."

"அலிமா சொன்னதையும் நெசம்னுதான சொன்னீங்க," என்றாள் காதரம்மாள். அவள் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அவளுக்குத் தாயைப் பற்றிய பயம்.

அன்று மட்டும் ஏழு பேர் வந்தார்கள். அந்த வாரம் முழுக்க வந்தார்கள். என் உம்மாவுக்கு, என் கொழுந்திக்கு, என் பெரியம்மாவுக்கு. மாமி ஒவ்வொருவரிடமும் நெசம், நெசம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சொல்லச் சொல்ல அது பொய்யாகவே கேட்டது, எனக்கே கேட்டது. சிலர் பொருத்தம் கொடுத்தவர்களிடமே போய் விசாரித்தார்கள். அவர்களில் சிலருக்கு இந்த நாலைந்து வருஷத்தில் புதுச் சண்டைகள் முளைத்திருந்தன. அவர்கள் சந்தோஷமாக, நான் அப்படிச் சொல்லவே இல்லையே என்றார்கள். காதரம்மாளின் மாமாவும் அதைத்தான் சொன்னார். அடங்கிக் கிடந்த சண்டையெல்லாம் வாசலுக்கு வந்தது. முப்பது வருஷமாக ஒரு பெண்பிள்ளை கால் தேய நடந்து சேர்த்து வைத்தது ஒரு வாரத்தில் போய்விட்டது. அந்தத் தெருக்காரர்கள் மீது எனக்கு வந்த எரிச்சல் இன்னும் போகவில்லை.

ஒரு நாள் நானே கேட்டேன். "மாமி, வேற யாருக்காவது இப்படிச் சொல்லியிருக்கீங்களா?"

யோசித்தார். "ரெண்டு பேரு வாயால சொல்லல. தலைய ஆட்டுனாங்க. நான் போய் வார்த்தையாச் சொன்னேன். அது பொய்யாட்டி?" என்றார்.

அதன் பிறகு பொருத்தம் வாங்கி வர அவரை யாரும் கூப்பிடவில்லை. குளிப்பாட்ட மட்டும் கூப்பிட்டார்கள். வேறு ஆள் கிடையாது, அதனால். அங்கேயும் யாராவது ஒருத்தி பக்கத்தில் நின்று, சரியாகச் செய்கிறாரா என்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அஸருக்குப் பிறகு மாமி அலிமா அக்கா வீட்டுக்குப் போவார். எட்டு வருஷம் போனார். நான் வேண்டாம் என்று தடுத்திருக்கிறேன், சண்டை போட்டிருக்கிறேன். அலிமா அக்கா அவரை விரட்டியதில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். பாய் போடுவாள், வெற்றிலை கொடுப்பாள், மழையைப் பற்றியும் நூல் விலையைப் பற்றியும் பேசுவார்கள். கேட்க வேண்டியதை மாமி கேட்பதில்லை. தன் முறைப்படி, அது தானாக வரட்டும் என்று காத்திருந்தார். இரண்டாம் வருஷமோ மூன்றாம் வருஷமோ ஒரு தடவை தாங்காமல் கேட்டிருக்கிறார். "கேக்காதீங்க அக்கா. இருந்தாக் குடுத்திருவேன்," என்றாளாம் அலிமா அக்கா.

வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னார். "திட்ட மாட்டேங்கா பீரம்மா. ஒரு வார்த்த திட்டுனா வழி உண்டு."

உலகச் சண்டையால் நூலுக்குக் கட்டுப்பாடு வந்து தெருவில் பாதித் தறி நின்றுபோன வருஷம், 1944, மாமி படுத்தார். காலில் தொடங்கிய வீக்கம் மேலே ஏறிக்கொண்டே வந்தது. வைத்தியர் கைவிட்டுவிட்டார். மாமி யாரையும் கூப்பிட்டு அனுப்பச் சொல்லவில்லை. மற்றவர்கள் எல்லாரும் தாங்களாகவே வந்து, பொருந்திக்கிட்டோம் பொருந்திக்கிட்டோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். காதரம்மாள்கூட வந்தாள். மாமி எல்லாருக்கும் தலையை ஆட்டினார். கண் மட்டும் வாசலில் இருந்தது.

இப்படிப் போய்க் கேட்கிற வேலையைத் தெருவில் செய்தவர் அவர் ஒருவர்தான். வேறு யார் போவது? நான் போனேன். அவர் சொன்ன முறையெல்லாம் எனக்கு மனப்பாடம். அலிமா அக்கா முற்றத்தில் உட்கார்ந்து தார் சுற்றிக்கொண்டிருந்தாள். ஆதம் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். "மாமி படுத்திருக்காங்க அக்கா. உங்களையே நெனச்சுக்கிட்டு இருக்காங்க," என்றேன்.

ராட்டை நிற்கவில்லை. நான் காத்திருந்தேன். அவள் ஒரு தார் முடித்து அடுத்ததை எடுத்தாள். அதையும் முடித்தாள். என் பொறுமை போய்விட்டது. "அவங்க உங்க பிள்ளைய எடுக்கல. ஒரு வார்த்த சொன்னாங்க, தப்பு. தெரு முன்னால சொல்லச் சொன்னீங்க, சொன்னாங்க. அதுக்குப் பெறவு அவங்க பட்டது உங்களுக்குத் தெரியாதா? இன்னும் என்ன செய்யணும்?" என்று கேட்டேன். மாமி இப்படி ஒரு நாளும் கேட்டிருக்க மாட்டார்.

"ஒண்ணும் செய்ய வேண்டாம்," என்றாள் அலிமா அக்கா. அவள் கண் நிறைந்திருந்தது. "நானும் தேடிப் பாத்துட்டேன் பீரம்மா. வாயால சொல்லி அனுப்பவா? அதத்தான அன்னைக்கு அவங்க செஞ்சாங்க. மழ வருது, நீ போ."

நாலு வீடு தாண்டி வருவதற்குள் பத்து தடவை தீர்மானம் பண்ணினேன், சொல்லிவிடுவது என்று. அலிமா அக்கா பொருந்திவிட்டாள் என்று சொன்னால் யாருக்கு என்ன நஷ்டம்? அன்று குற்றாலத்துக்கு மூன்று மைல் நடக்கும்போது அவர் தவித்த தவிப்பு எனக்கு அப்போதுதான் தெரிந்தது. உள்ளே போனேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். இந்த வேலையில் தலை நரைத்தவர். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, "பொய் சொல்லாதட்டி," என்றார்.

"சொல்லல மாமி."

"திட்டுனாளா?"

"இல்ல."

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகு இரண்டு நாள் உயிர் இருந்தது. என்னோடோ மகனோடோ அதிகம் பேசவில்லை. மூன்றாம் நாள் விடிந்து வெயில் ஏறும்போது போய்விட்டார்.

குளிப்பாட்ட ஆள் இல்லை. எனக்கு முறை தெரியாது. கற்றுக்கொள் என்று அவர் கூப்பிட்டபோது முகத்தைச் சுளித்தவள் நான். மற்றப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்போது அலிமா அக்கா வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "இலந்தை எல போட்டுத் தண்ணி காய வைங்க. மறைப்புக் கட்டுங்க," என்றாள்.

"உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"சொல்லிக் குடுத்திருக்காங்க. வெள்ளிக்கெழமைகள்ல," என்றாள்.

எனக்குத் திகைப்பாக இருந்தது. அவள் மேல் இருந்த கோபத்தை அந்த நிமிஷம் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. நான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். அவள் ஒவ்வொரு செம்பையும் தன் மணிக்கட்டில் ஊற்றிச் சூடு பார்த்துவிட்டுத்தான் ஊற்றினாள், கைக்குழந்தைக்குப் பார்ப்பது போல. வலப்பக்கம் முதலில், பிறகு இடப்பக்கம். வீங்கிய காலை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு நோகாமல் கழுவினாள். கடைசித் தண்ணீரில் கற்பூரம் கரைத்தாள். தலைமுடியைச் சிக்கெடுத்து மூன்று பிரியாகப் பின்னினாள். மாமி தன் வாழ்நாளில் குளிப்பாட்டிய யாரையும் இதைவிட நன்றாகக் குளிப்பாட்டியிருக்க மாட்டார். அதைப் பார்த்து எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. இவ்வளவு செய்கிறவள் அதையும் சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன்.

கபன் சுற்றி முடித்ததும், வழக்கப்படி லெப்பை திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டார். ஆண்கள் பக்கம் அப்போதுதான் எல்லாரும் சேர்ந்து பொருந்திக்கிட்டோம் என்று சொல்லி ஓய்ந்திருந்தார்கள். "பொம்பளைங்க பக்கம் எல்லாரும் பொருந்திக்கிட்டாங்களா?"

பெண்கள் எல்லாரும் முணுமுணுத்தார்கள். பிறகு எல்லார் கண்ணும் அலிமா அக்கா பக்கம் போயிற்று. அவள் கால்மாட்டு முடிச்சைக் கட்டிக்கொண்டிருந்தாள். கட்டி முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"குளிப்பாட்டுதது எம்மேல கடம. செஞ்சிட்டேன்," என்றாள் என்னைப் பார்த்து. "மத்தது கடம இல்ல."

லெப்பை மறுபடியும் கேட்டார். வீட்டுக்கு மருமகள் நான்தான் பதில் சொல்ல வேண்டும். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தப் பக்கம் என் புருஷன் நின்றுகொண்டிருக்கிறார், காலம் முழுக்க அவர் மனது ஆறும். அலிமா அக்கா என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சொல் என்றும் சொல்லவில்லை, சொல்லாதே என்றும் சொல்லவில்லை.

"ஒருத்தர் மட்டும் பொருந்தல," என்றேன்.

அந்தப் பக்கம் என் புருஷன் விசும்புவது கேட்டது. லெப்பை தொண்டையைச் செருமிக்கொண்டார். "சரி, நேரமாகுது. தூக்குங்க," என்றார். ஆட்கள் வந்து சந்தூக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

பெண்கள் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். அலிமா அக்கா மிச்சத் தண்ணீரைக் கொட்டி, அண்டாவைக் கழுவிக் கவிழ்த்தாள். தரையைத் துடைத்தாள். எல்லாம் முடிந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எனக்கு இதுக்கு மேல செய்யத் தெரியல பீரம்மா," என்றாள்.

நான் மறைப்புத் துணியை அவிழ்த்து மடிக்கத் தொடங்கினேன்.